கடைசி ஆளுக்கு ஒரு முத்தம்

1

இந்தக் கதை ஒரு கிழிந்த ஜெர்சியிலிருந்து பிறந்தது. இதைவிடக் கௌரவமான பிறப்பு ஒன்றைச் சொல்லியிருக்கலாம். விடியற்காலையில் பனிமுகடு சிவந்ததைப் பார்த்தேன், நெஞ்சுக்குள் என்னவோ செய்தது என்று. ஒன்றும் செய்யவில்லை. செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு பேக்கரி வால்பர்கா உள்ளே வந்தாள். தன் கணவன் வின்சென்ஸின் சைக்கிள் ஜெர்சியை என் தையல் மேசைமேல் போட்டாள். வலது கக்கத்தில் இரண்டு அங்குலத்துக்குத் தையல் விட்டிருந்தது. அதைக் காட்டினாள், கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள், என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும் என்றாள்.

கேள்வியை மூன்றாம் பகுதியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒரு முத்தத்தைப் பற்றிப் பேசியாக வேண்டும். ஊரே அதைத்தான் பேசிக்கொண்டிருக்கிறது. நான் மட்டும் பேசாமல் இருந்தால் என் உடம்புக்கு ஆகாது.

[ஓர் அடைப்புக்குறி. ஓபர்கிரீஸ் என்ற இந்த மலையூரில் முப்பத்தொரு வருடமாக இருக்கிறேன், சைக்கிள் குழுவின் கொட்டகைக்கு எதிர்வீட்டில். ஊர்க்காரர்களின் தோல் கால்சட்டை, கல்யாணப் பாவாடை, சைக்கிள் சட்டை எல்லாம் என் கைக்கு வந்துதான் திரும்பிப் போகும். அவர்கள் பேசுவது அவர்கள் மொழியில். என் காதுக்குள் விழும்போது மட்டும் எப்படியோ தமிழாகிவிடுகிறது. இது மொழிபெயர்ப்பா என்று யாராவது கேட்டால், இல்லை. ஒட்டுக்கேட்டது.]

2

முதல் வரிக்கு மூன்று முயற்சிகள் நடந்தன. அடித்தவற்றையும் அப்படியே விட்டுவைக்கிறேன். கிழிசலை மறைத்துத் தைப்பதைப் பகலெல்லாம் செய்கிறேன், இங்கேயுமா?

"இரண்டாயிரத்து எழுநூறு மீட்டர் உயரத்தில், மேகங்கள் மலையின் மார்பைத் தழுவிக்கொண்டிருந்த—" இதை இங்கேயே விட்டேன். மேகம் எதையும் தழுவவில்லை. ஆலங்கட்டி பெய்தது. தவிர, நான் அந்த உயரத்துக்குப் போனதே கிடையாது. கேபிள் கார் நடு நிலையம்வரைதான் என் எல்லை. அங்கே காப்பி நன்றாக இருக்கும்.

"ஆறு பேர் போனார்கள். ஆறு பேரும் திரும்பினார்கள். ஆனால்—" இதையும் விட்டேன். அந்த 'ஆனாலு'க்குப் பின்னால் நீங்கள் ஒரு பிணத்தை எதிர்பார்ப்பீர்கள். என்னிடம் பிணம் இல்லை.

"ரோஸ் கணவாயில் வின்சென்ஸ் கெர்லிண்டேவை முத்தமிட்டான்." இதுதான் தெருவே வைத்திருக்கும் முதல் வரி. பெருந்தன்மையோடு நானும் ஏற்றுக்கொள்கிறேன்.

இதன் கனம் புரிய, எங்கள் பக்கத்து முத்தச் சட்டம் தெரிய வேண்டும். மலையுச்சியில் சிலுவை நட்டிருக்கும். அங்கே ஏறிச் சேர்ந்தவர்கள் கைகுலுக்கிக் கன்னத்தில் முத்தம் வைத்துக்கொள்வார்கள். யார் யாருக்கு என்ற பேச்சே கிடையாது, பாதிரியார்கூட வாங்கியிருக்கிறார். அது கணக்கில் வராது. கணவாய் வேறு. கணவாய் என்பது இரண்டு மலைகளுக்கு நடுவே ஒரு வாசல், அவ்வளவுதான். வாசலைத் தாண்டியதற்கு யாரும் யாரையும் முத்தமிடுவதில்லை. ஒரு கைகுலுக்கல், ஒரு மடக்கு பைன் சாராயம், இறங்க வேண்டியதுதான்.

ஓபர்கிரீஸ் சைக்கிள் குழுவுக்கு மட்டும் ஒரு விலக்கு உண்டு. ஒவ்வொரு ஜூலையிலும் அவர்கள் மலைச் சைக்கிளில் ரோஸ் கணவாயைத் தாண்டி அந்தப் பக்கத்துப் பள்ளத்தாக்குக்கு மூன்று நாள் பயணம் போகிறார்கள். முதல் ஆள் வழி காட்டுபவன். அது வின்சென்ஸ், கூரை போடும் தச்சன். கடைசி ஆளின் வேலை, ஒருத்தரும் பின்னால் விடுபட்டுப் போகாமல் பார்த்துக்கொள்வது. கருவிகள் இருக்கும் சிவப்புப் பையும் சாராயக் குப்பியும் கடைசி ஆளிடம்தான் இருக்கும். இருபத்திரண்டு வருடமாக அது வால்பர்கா. கணவாயில் குழு நட்டுவைத்த மரச் சிலுவை ஒன்று நிற்கிறது. வின்சென்ஸ் அதனருகே காத்திருப்பான். கடைசியாக வால்பர்கா வந்து சேர்ந்ததும் அவள் ஹெல்மெட்டின் வாரைத் தன் கையாலேயே கழற்றி அவளை முத்தமிடுவான்.

புருஷன் பெண்டாட்டியை முத்தமிட்டான், அதில் நமக்கென்ன. ஆனால் இருபத்திரண்டு முறை படமெடுத்துக் கொட்டகைச் சுவரில் வரிசையாக மாட்டியதில் அது குழுவின் சடங்காகிவிட்டது. புதிதாகச் சேர்கிறவர்களிடம் ஹெல்மெட், மழைச்சட்டை, இரண்டு உதிரி டியூப் என்று பட்டியல் சொல்லும்போதே "கடைசி ஆளுக்கு ஒரு முத்தம்" என்றும் சொல்லிவிடுவார்கள்.

இந்த மே மாதம் வால்பர்காவுக்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை ஆயிற்று. சிவப்புப் பை ஊர் மருத்துவச்சி கெர்லிண்டேவிடம் போனது. பையோடு முத்தமும் போகுமா என்று ஒருவருக்கும் யோசிக்கத் தோன்றவில்லை. இருபத்து மூன்றாவது படம் வந்து சுவரில் ஏறிய பிறகுதான் ஊர் யோசித்தது. படத்தில் வின்சென்ஸின் அகன்ற முதுகு தெரிகிறது. அவன் தோளுக்கு அந்தப் பக்கம் கெர்லிண்டேவின் ஹெல்மெட்டில் ஒரு கீற்று. வேறொன்றும் தெரியவில்லை. ஒன்றும் தெரியாத படத்தைப் போல ஊரைப் பேசவைப்பது வேறில்லை.

கோயில் மணியடிக்கிறவர் தீர்ப்பு: சிலுவை இருந்தால் அது உச்சிக்குச் சமம், கன்னமாக இருக்கும் பட்சத்தில் குற்றமில்லை. பால் பண்ணைக்காரர் தீர்ப்பு: முத்தம் பதவிக்கு, ஆளுக்கு இல்லை, தீயணைப்புப் படைக்குத் தலைவர் மாறினால் தொப்பியும் மாறுகிறதல்லவா. அவர் மனைவி அங்கேயே கேட்டாள்: "அப்படியா. நாளைக்கு நான் காய்ச்சல்ல படுத்தா என் பதவிய யாருக்குக் குடுக்கறதா உத்தேசம்?" பால் பண்ணைக்காரர் இரண்டு நாளாகத் தீர்ப்பு எதுவும் சொல்வதில்லை.

3

வால்பர்கா பேக்கரியில் எல்லோரிடமும் ஒரே மாதிரிதான் பேசுவாள். ரொட்டியைக் காகிதப் பையில் போடுவாள், பையின் வாயை மடிப்பாள், "வேற ஏதாவது?" என்பாள். மடிக்கும்போது அவளது வலது சுண்டுவிரல் மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். அது கோணல். ஏன் கோணல் என்று வருகிறேன்.

அன்றைக்கு ஜெர்சியைப் போட்டுவிட்டு அவள் உட்காரவில்லை.

"முத்தத்தப் பத்திப் பேசறதுன்னா வேணாம். காலையிலேர்ந்து இருபது பேரு ரொட்டி வாங்கற மாதிரி வந்து என் மூஞ்சிய வாங்கிட்டுப் போறாங்க."

"நான் வாயே தொறக்கலையேடி."

"உன் புருவம் தொறந்துச்சு." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அவன் கீழ இறங்கினானா? எனக்கு அது மட்டும் தெரியணும்."

இதுதான் கேள்வி. நான் இதை எதிர்பார்க்கவில்லை என்று எழுதினால் நம்புங்கள். பதினெட்டு நாளாக உதடா கன்னமா என்று நாங்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருக்க, உரியவள் வந்து கேட்டது வேறு.

முதல் ஆள் சிலுவையை விட்டு இறங்கக் கூடாது. இது குழுவின் விதி. ஆரம்ப வருடங்களில் ஒருமுறை மூடுபனியில் முதல் ஆள் பின்தங்கியவரைத் தேடி இறங்கிப் போக, மேலே இருந்தவர்கள் அவனைத் தேடி வேறு பக்கம் இறங்க, குழு மூன்றாகச் சிதறிவிட்டது. அதற்கப்புறம் விதி எழுதிக் கொட்டகைக் கதவில் ஒட்டினார்கள். முதல் ஆள் அசையாமல் நிற்கணும், பின்னால் வருவதைக் கடைசி ஆள் பார்த்துக்கொள்வாள். எழுதிய கையெழுத்து வால்பர்காவுடையது.

பதினோரு வருடத்துக்கு முன்னால் இதே கணவாயில் இதே போல ஆலங்கட்டி. சரளைச் சரிவில் சைக்கிள் உருண்டு, சக்கரக் கம்பிகளுக்குள் சிக்கி வால்பர்காவின் சுண்டுவிரல் முறிந்தது. சைக்கிளை ஒற்றைக் கையால் தோளில் அணைத்துக்கொண்டு ஏறி வந்தாள். மேலே வின்சென்ஸ் சிலுவைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். இருபது நிமிடம். அவள் வந்து சேர்ந்ததும் ஹெல்மெட்டைக் கழற்றி முத்தமிட்டான். அந்தப் படம்தான் சுவரில் நடுவில் பெரிதாக மாட்டியிருக்கிறது. ஊரில் அதைப் பார்த்துக் கண்கலங்கிய பெண்கள் உண்டு. நானும்தான்; ஆனால் வேறு காரணத்துக்கு. பிறகு.

"வெள்ளிக்கிழம சாயங்காலம் குழுக் கூட்டம்," என்றாள் வால்பர்கா. "டாக்டர் முழங்கால் சரியாயிடுச்சுன்னுட்டார். அவன் இறங்கலேன்னா பையை நான் திரும்ப எடுத்துக்கறேன்."

"இறங்கியிருந்தா?"

"பை அவகிட்டயே இருக்கட்டும். மத்ததையும் நான் யோசிக்கணும்."

'மத்தது' இன்ஸ்புரூக்கில் இருக்கிறது. அவள் தங்கை வீட்டில் மாடியறை ஒன்று காலியாக இருப்பது எனக்குத் தெரியும்.

அவனிடமே கேட்கலாமே என்றேன்.

"கேட்டா இல்லைம்பான். இல்லைன்னு சொல்ற விதத்துலயே எனக்குத் தெரிஞ்சிடும். அப்படித் தெரிஞ்சுக்க எனக்கு இஷ்டமில்ல." கதவருகே நின்று, "மடிப்புத் தையலாப் போடு," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

4

இப்போது கெர்லிண்டே. இவளோடு எனக்குச் சிக்கல்.

முதல் பிரதியில் அவளுக்கு முப்பத்து நான்கு வயது, இடுப்புவரை கூந்தல், பக்கத்தில் போனால் காய்ந்த புல்லின் வாசம். எழுதிவிட்டு வாசித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. வாசலில் காய்கறிப் பையோடு நிஜக் கெர்லிண்டே கடந்து போனாள். ஐம்பத்தொன்று. ஆண்பிள்ளைத் தோள். சிரித்தால் தெருக்கோடியில் நாய் குரைக்கும். பிரதியைக் கிழித்தேன்.

இரண்டாம் பிரதியில் அவளை வேண்டுமென்றே அவலட்சணமாக்கினேன். மூக்கை நீட்டினேன், பல்லைக் கறுக்கவைத்தேன். அதையும் கிழித்தேன். இந்தத் தெருவில் நான்கு குழந்தைகள் அவள் கைகளில்தான் வந்து விழுந்தன. தவிர, எவளையாவது அவலட்சணமாக்கி எழுதும்போது பேனா ஏன் இத்தனை சுகமாக ஓடுகிறது என்று எனக்கே சந்தேகம் வந்தது.

மலைவிடுதியில் ஆறு பேரும் ஒரே நீள மரப்பலகை மெத்தையில் வரிசையாகப் படுத்துத் தூங்குவார்கள். யாருக்குப் பக்கத்தில் யார் என்று விசாரித்தேன். கெர்லிண்டே சுவரோரம். வின்சென்ஸ் மறுகோடி. நடுவில் நான்கு பேர். கெர்லிண்டேவின் குறட்டையால் யாரும் தூங்கவில்லையாம். என் ஏமாற்றத்தை மறைக்கவில்லை. ஒரு நல்ல கதைக்கு இவர்கள் யாருமே உதவ மாட்டேன் என்கிறார்கள்.

[பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் நானும் வரட்டுமா என்று வின்சென்ஸிடம் கேட்டேன். ஒரு சைக்கிள்கூடப் பார்த்து வைத்திருந்தேன், நீல நிறம். அவன் கோபமாக எதுவும் சொல்லவில்லை. சிரித்துவிட்டு, "கீழேர்ந்து பார்க்கவும் ஓர் ஆள் வேணுமே," என்றான். அன்றிலிருந்து பார்க்கிறேன். இந்த அடைப்புக்குறியை நீக்கிவிடலாம் என்று மூன்று முறை நினைத்தேன்.]

5

போகாத இடத்தை எழுத எனக்கு இரண்டு சாட்சிகள். ஒன்று துணி. மற்றொன்று தபால்காரர் ஒட்மார்.

ஒட்மார் குழுவின் படக்காரர். இந்த வசந்தத்தில் தன் பழைய சைக்கிளின் சட்டத்துக்குத் தானே பெயின்ட் அடித்தார். தபால்பெட்டிக்கு அடித்து மிஞ்சிய மஞ்சள். அது காயவே இல்லை என்றும் சொல்ல முடியாது, காய்ந்தது என்றும் சொல்ல முடியாது. தொட்டால் செதில் செதிலாக உரிந்து ஒட்டிக்கொள்ளும். அவர் கொண்டுவந்த கால்சட்டையின் உட்பக்கமெல்லாம் மஞ்சள். புதன்கிழமை அதன் கிழிசலைத் தைத்துக்கொண்டே பேச்சுக் கொடுத்தேன். கால்சட்டை என் கையில் இருக்கும்வரை ஓர் ஆண்பிள்ளை எங்கேயும் போக மாட்டான்.

அவர் சொன்னபடி: முதல் நாள் ஆயிரத்து அறுநூறு மீட்டர் ஏற்றம். மாட்டுப் பட்டிகள் வரை மிதித்தார்கள். அதற்கப்புறம் தள்ளினார்கள். கடைசி நானூறு மீட்டரில் சரளைக் கல்லும் பழைய பனியும்; சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும். ஒரு அடி வைத்தால் அரை அடி சறுக்கும். காலையில் சாப்பிட்ட க்னோடல் என்ற ரொட்டிமாவு உருண்டை மூன்றும் வயிற்றுக்குள் கல்லாகக் கிடந்தன. பாதியில் ஆலங்கட்டி ஆரம்பித்தது. ஹெல்மெட்டின்மேல் விழும் சத்தத்தில் பக்கத்தில் பேசுவது கேட்கவில்லை. அங்கே ஒட்மாரின் இரண்டு தொடையும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொண்டன. உட்கார்ந்துவிட்டார்.

"அழுதீங்களா?"

"மழைல யாரு அழுதான்னு எப்படிச் சொல்றது அம்மணி."

கடைசி ஆள் என்ற முறையில் கெர்லிண்டே அவர் பக்கத்தில் நின்றாள். தன் சைக்கிளை ஐம்பது அடி மேலே கொண்டுபோய் வைப்பாள், இறங்கி வந்து அவருடையதைத் தூக்கிக்கொண்டு போவாள், மறுபடி தன்னுடையது. இப்படி அந்தச் சரிவை மூன்று மடங்காக ஏறினாள். உதடு நீலம் பாரித்துவிட்டது. ஒட்மார் தவழ்ந்து வந்தார். மேலே வின்சென்ஸ் விதிப்படி சிலுவைப் பக்கத்தில் சிலை மாதிரி நின்றிருந்தான். இவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். சடங்கு நடந்தது. படம் எடுத்தார்.

"வின்சென்ஸ் இறங்கவே இல்லையா?"

"முதல் ஆள் எப்படி இறங்குவான்?" என்றார் ஒட்மார். கேள்விக்குக் கேள்வியைப் பதிலாகச் சொல்கிறவனின் கால்சட்டையை நான் உடனே திருப்பிக் கொடுப்பதில்லை. பட்டன் ஒன்று தளர்வாக இருக்கிறது, நாளைக்கு வாருங்கள் என்றேன்.

6

அன்று பிற்பகல் வின்சென்ஸின் ஜெர்சியை விளக்குக்கு அடியில் விரித்தேன்.

முப்பது வருடமாக உத்தரக் கட்டைகளை வலது தோளில் சுமக்கிறவன். சைக்கிளையும் வலது தோளில்தான் சுமப்பான். வலது தோளில் கறுப்பாக மசகுக் கறை இருந்தது, அது அவனுடைய சைக்கிள். துவைத்தும் போகாத பழைய கறை. நான் பார்த்தது இடது தோளை. காலர் மடிப்புக்குள் மூன்று, தோள் தையலில் ஐந்து. மஞ்சள் செதில்கள்.

[இங்கே ஒரு நல்ல எழுத்தாளர் இதயம் படபடத்தது என்று எழுதுவார். நான் எழுந்து கதவைத் தாழிட்டேன், காப்பி போட்டேன், ஒரு துண்டு ஆப்பிள் ரொட்டி எடுத்துக்கொண்டேன். சந்தோஷமாக இருந்தது. என்னை நல்லவள் என்று நினைத்து இதுவரை வாசித்தவர்கள் மன்னிக்கவும்.]

கெர்லிண்டேவின் ஜெர்சியும் ஜிப் மாற்ற என்னிடம் வந்திருந்தது. அதையும் பார்த்தேன். வலது தோளில் மஞ்சள். ஆக அந்தச் சைக்கிள் முதலில் அவள் தோளில் இருந்தது. பிறகு அவன் தோளுக்கு மாறியிருக்கிறது. மாறிய இடம் எது? சிலுவைப் பக்கத்திலா, அதற்குக் கீழேயா?

வியாழக்கிழமை காலை ஒட்மார் பட்டனுக்காக வந்தார். பேசாமல் ஜெர்சியின் காலரைத் திருப்பிக் காட்டினேன். தன் பெயின்டை அவருக்கு அடையாளம் தெரிந்தது. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"அறுபது மீட்டர் இறங்கி வந்தான்," என்றார்.

அவளிடமிருந்து சைக்கிளை வாங்கி இடது தோளில் போட்டுக்கொண்டானாம். வலது கையால் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டானாம். மூன்று பேரும் சேர்ந்தே மேலே வந்திருக்கிறார்கள். மறைக்கச் சொன்னது வின்சென்ஸ் இல்லை. அவன் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. மற்ற ஐந்து பேரும் விடுதியில் சூப் குடித்துக்கொண்டே முடிவு செய்தது. "விதி எழுதினவ பேக்கரில நிக்கறா அம்மணி. அப்புறம் ரொட்டிய நாங்க யாருகிட்ட வாங்கறது?"

"அப்ப முத்தம்?"

"ஹெல்மெட் மேல. வாரைக் கழட்டவே இல்ல. டொக்குன்னு சத்தம் கேட்டுது."

"உதட்டுல இல்லையா?"

"ஹெல்மெட்டுக்கு ஏது உதடு?"

பார்த்தீர்களா. ஊர் இருபது நாளாக மென்றது வெறும் பிளாஸ்டிக்கில் விழுந்த ஒரு டொக். ஊருக்குத் தெரியாதது அறுபது மீட்டர்.

7

வியாழக்கிழமை மதியம் வின்சென்ஸ் வந்தான். நான் இதை இட்டுக்கட்டவில்லை. இட்டுக்கட்டியிருந்தால் அவனைக் கொஞ்சம் கம்பீரமாக வரவைத்திருப்பேன். மரத்தூள் ஒட்டிய தலையோடு வந்து, ஜெர்சி ஆயிற்றா என்று கேட்டான். அது மேசையில் இடது தோள் மேலே தெரியக் கிடந்தது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் இடுக்கி.

பார்த்தான். ஒரு செதிலை நகத்தால் சுரண்டினான்.

"இது போகுமா?"

"பெட்ரோல் பஞ்சு வெச்சா போகும். போகணுமா?"

அவன் உட்கார்ந்தான். முந்தின பிரதியில் இங்கே அவனுக்கு ஒரு பக்கத்துக்கு வசனம் கொடுத்திருந்தேன். கடமை, குளிர், இருபத்திரண்டு வருடத் தாம்பத்தியம், எல்லாம் வரும். அவ்வளவையும் அடித்துவிட்டேன். அவன் பேசியது இவ்வளவுதான்.

"கெர்லிண்டே கூப்பிட்டா. வின்சென்ஸ், என்னால முடியல, வான்னு கத்தினா. போனேன்."

"வால்பர்காவுக்கு விரல் ஒடிஞ்ச அன்னிக்கு?"

"அவ கூப்பிடல."

அதோடு முடித்துவிடுவான் என்று நினைத்தேன். கையிலிருந்த மரத்தூளைத் தட்டிக்கொண்டே சொன்னான்: "ரெண்டு தரம் காலை எடுத்து வெச்சேன். அவ நிமிர்ந்து பார்த்தா. பார்த்த பார்வைல திரும்பக் காலை வெச்சுக்கிட்டேன்."

ஜெர்சியை அவன் எடுத்துக்கொண்டு போகவில்லை. வால்பர்கா கொடுத்தது, வால்பர்காவிடமே கொடுங்கள் என்றான். கறையைப் போக்குங்கள் என்றும் சொல்லவில்லை, விடுங்கள் என்றும் சொல்லவில்லை. கோழை என்று எழுதினேன். அடித்தேன். மறுபடி எழுதினேன். இப்போது அடித்த நிலையில் இருக்கிறது.

அவன் போன பிறகு ரொம்ப நேரம் எனக்கு வேலை ஓடவில்லை. ஒருத்தி கூப்பிட்டாள், ஒருத்தன் போனான். ஒருத்தி கூப்பிடவில்லை, அவன் காலை எடுத்து வைத்துத் திரும்ப வைத்துக்கொண்டான். இந்த மூன்று பேர்மேலும் எனக்கு ஒரே அளவு எரிச்சல். கூப்பிட ஒரு சரிவும், மேலே நின்று பார்க்க ஓர் ஆளும் இருந்தால்தானே கூப்பிடாமல் இருக்கும் பெருமையாவது கிடைக்கும்? நடு நிலையத்தில் காப்பிக்கு வரிசையில் நிற்கிறவள் யாரைக் கூப்பிடுவது? நடுவில் பெரிதாக மாட்டியிருக்கும் அந்தப் படத்தைப் பார்த்து நான் கண்கலங்கியது இதற்குத்தான். பிறகு சொல்கிறேன் என்றேன் அல்லவா.

8

முடிவுகள்.

முடிவு ஒன்று. செதில்களை இடுக்கியால் எடுத்து, பஞ்சால் துடைத்து, "இறங்கலடி, நின்ன இடத்துலயே நின்னான்," என்று சொல்லிவிடுகிறேன். அவள் பையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறாள். அடுத்த ஜூலையில் அதே சரளை, அதே ஆலங்கட்டி, பழுதுபார்த்த முழங்கால். மேலே அவன். அவள் நிமிர்ந்து பார்க்கிறாள். இந்தமுறை கூப்பிடு— இதை எப்படி முடிப்பது என்று தெரியவில்லை. அவளுக்குத் தெரியாத ஒன்றை வைத்து அவளை ஏற்றிவிட்டுக் கீழேயிருந்து பார்ப்பது எனக்கே நன்றாக இல்லை.

முடிவு இரண்டு. "இறங்கினான்," என்று மட்டும் சொல்கிறேன். உண்மை. சுருக்கமான உண்மை. இன்ஸ்புரூக்கில் மாடியறை ஜன்னலைத் திறந்துவைக்கிறார்கள். நான் பழைய ரொட்டி தின்கிறேன்.

முடிவு மூன்று. முழுவதையும் சொல்கிறேன். இறங்கினான், ஏனென்றால் அவள் கூப்பிட்டாள். நீ கூப்பிடவில்லை, ஆனாலும் இரண்டு தரம் காலை எடுத்து வைத்தான். இது ஆறுதலா, தண்டனையா? இருபத்திரண்டு வருடமும் ஒரு வார்த்தை தூரத்தில்தான் அவன் நின்றான் என்று ஒருத்தியிடம் சொல்வது, அவள் கையில் எதைக் கொடுப்பது? எழுதிப் பார்த்தேன். அவள் கேட்டு முடித்ததும் அந்தக் கோணல் விரலால்—

விட்டுவிட்டேன்.

விட்டுவிட்டு ஜெர்சியை மடிக்கும்போதுதான் என் மரமண்டைக்கு ஒன்று உறைத்தது. இரண்டு அங்குலக் கிழிசல். வால்பர்கா தன் வீட்டில் எத்தனை ஜெர்சி தைத்திருப்பாள்? இத்தனை வருடத்தில் ஒரு பட்டனுக்குக்கூட என்னிடம் வந்ததில்லை. மடிப்புத் தையல் போடு என்று எனக்கே பாடம் எடுக்கிறவள் அவள். செவ்வாய்க்கிழமை அவள் ஜெர்சியை மேசையில் போட்டபோது எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று நினைவுபடுத்திப் பார்க்கிறேன். கிழிசல் வலது கக்கத்தில். மேலே தெரிந்தது இடது தோள்.

அவளுக்கு அப்போதே தெரிந்திருக்குமோ. மஞ்சளைப் பார்த்துவிட்டு, அதைப் பார்த்த ஆள் தான் மட்டுமாக இருக்கக் கூடாது என்று கொண்டுவந்தாளோ. என் காதில் ஒன்று விழுந்தால் வெள்ளிக்கிழமைக்குள் ஊரில் அது எங்கே இருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? இல்லை, உண்மையாகவே தெரியாமல், பயந்துபோய், போக வேறு கதவில்லாமல் வந்தாளா? என் தொழிலில் இரண்டு துணியும் பார்வைக்கு ஒரே மாதிரிதான் இருக்கும்.

நான் என்ன செய்தேன் என்று சொல்லப் போவதில்லை. ஜெர்சி தைத்தாயிற்று, காகிதத்தில் சுற்றியாயிற்று, இன்று காலை ஆறரைக்கு பேக்கரியின் பின்கதவுக் கொக்கியில் மாட்டிவிட்டு வந்தாயிற்று. அவளை நேரில் பார்க்கவில்லை. பார்க்காமல் வருவதற்கென்றே அந்த நேரத்தில் போனேன். என் வாயால் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முப்பத்தொரு வருடத்தில் இதுதான் முதல்முறை. யாராவது எங்காவது எழுதிவைக்கட்டும்.

ஆனால் உங்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

மணி ஏழு. வெள்ளிக்கிழமை. பேக்கரியில் வரிசை நிற்கிறது; கடைசியில் நீங்கள் நிற்கிறீர்கள். முன்னால் நிற்பவர்கள் ரொட்டியை மட்டும் பார்த்துக்கொண்டு வாங்கிப் போகிறார்கள். டொக் அவர்களுக்குத் தெரியாது. அறுபது மீட்டர் தெரியாது. எடுத்து வைத்துத் திரும்பப்போன அந்த இரண்டு அடி தெரியாது. உங்கள் முறை வருகிறது. நான்கு உருண்டை ரொட்டி கேட்கிறீர்கள். அவள் பையில் போடுகிறாள். வாயை மடிக்கிறாள், சுண்டுவிரல் தனியாக நிற்கிறது. உங்களுக்குப் பின்னால் யாரும் இல்லை. பையை நீட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, உங்கள் முகத்தைப் பார்த்துக் கேட்கிறாள்.

"வேற ஏதாவது?"